கத்தார் போன தலைக்கட்டு

சுடலைச்செல்வியின் குரலைப் பற்றி அந்த ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் வாழைத் தோட்டத்தில் நின்று அவள் "ஏளா முப்பிடாதி" என்று ஒரு சத்தம் கொடுத்தால், இக்கரையில் முப்பிடாதி மட்டுமல்ல, முப்பிடாதியின் பசுமாடும் திரும்பிப் பார்க்கும். பொம்பளைக்கு இந்தத் தொண்டை ஆகாது என்று மாமியார் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வியும் அந்தம்மா சாகிறவரைக்கும் அதே தொண்டையில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது பிறவித் தொண்டை இல்லை. கால்பந்து கொடுத்த தொண்டை.

ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணித் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர் அது. செல்வி அங்கே மருமகளாக வந்தவள். பிறந்த ஊரும் ஆற்றங்கரைதான். ஆனால் படிப்பு தூத்துக்குடியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில், விடுதியில் தங்கி. அங்கே கடற்கரை ஊர்ப் பிள்ளைகள்தான் கால்பந்துக்கு ராணிகள். மணப்பாட்டு ஆக்னஸ் என்று ஒருத்தி, செல்விக்கு ஒரே வகுப்பு. அவள் உதைத்தால் எதிரே நிற்கிறவள் பந்தை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்வாள். வயக்காட்டுப் பிள்ளைக்கு ஓட வராது என்று சொல்லி, செல்வியைக் கொண்டுபோய்க் கம்புகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். கேலிக்காக நிறுத்தியதுதான். ஆனால் ஆக்னஸ் அடித்த பந்தை அவள் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது கேலி நின்றுபோனது. அன்றிலிருந்து அவள்தான் பள்ளிக்குக் கோல்கீப்பர். கோல்கீப்பர் என்றால் கத்தவேண்டும். பந்து உயரே வரும்போது "கீப்பர்" என்று கத்திக்கொண்டு முன்னால் பாயவேண்டும், சொந்த ஆட்களே விலகி வழிவிடவேண்டும். செல்விக்கு அந்தக் கத்தல்தான் ஆட்டத்தை விடவும் பிடித்திருந்தது.

பத்தாம் வகுப்பில் மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். திருச்சிக்குப் போய் ஆடவேண்டும். அப்பாவிடம் கேட்டாள். அவர் திட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "பிறகு பாப்போம்" என்றார். அணி திருச்சிக்குப் போய்த் தோற்றுத் திரும்பிவந்தும் அந்தப் பிறகு வரவில்லை. கொஞ்ச காலத்தில் மாப்பிள்ளைதான் வந்தார்.

மாப்பிள்ளை தங்கப்பாண்டி நல்ல மனிதர். வாழை இலை வியாபாரம். கிரிக்கெட் என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. இதை ஏன் இங்கே அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் செல்வி உலகக் கோப்பைக்குக் கிளம்பியபோது, "பாவம், புருசன் ஆசப்பட்டுருப்பாரு, அதை நிறைவேத்தப் போறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. செல்விக்கு வந்ததே கோபம். "அவுகளுக்கு என்னளா ஆச? இருபத்திரண்டு பேருக்கு ஒத்தப் பந்தா, ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்தா சண்டை தீந்துரும்னு சொன்ன மனுசன் அது. ஆச எனக்கு. எனக்கு மட்டும்தான்" என்று முப்பிடாதியிடம் பொரிந்து தள்ளினாள். முப்பிடாதி பக்கத்து வீட்டுக்காரி, இலைக்கட்டுக் கட்ட வருகிறவள். நல்ல மனசுக்காரி, ஆனால் அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் விடமாட்டாள்.

தங்கப்பாண்டி மாரடைப்பில் போனபிறகு வியாபாரத்தை செல்வியே எடுத்து நடத்தினாள். விடிய இலை அறுத்து, வேனில் ஏற்றி, தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு அவளே கூடப் போவாள். ஒரே மகள் ஜெயபிரியா கத்தாரில் நர்ஸ். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொடை வந்தபோதுதான் தெரிந்தது, ஊர்க் கணக்கில் அந்த வீடே இல்லை என்று.

கார்த்திகை முதல் செவ்வாய் அந்த ஊர் முத்தாரம்மனுக்குக் கொடை, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கோயில் திருவிழா. படைப்பு முடிந்து, சாமிக்குப் படைத்த சோறும் கறியும் வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிக்கும்போது தலைக்கட்டுப் பேர் கூப்பிடுவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆண். மைக்கில் பேரைச் சொன்னதும் அந்த ஆள் "இருக்கேன்" என்று சத்தம் கொடுத்து, ஓலைப்பெட்டியோடு முன்னால் போய், திருநீறு பூசிப் பங்கை வாங்கவேண்டும். அந்த 'இருக்கேன்'தான் ஊரில் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி. ஆதார் அட்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தங்கப்பாண்டி இறந்த வருஷம் தீட்டு என்று செல்வி கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் கொரோனா, கொடையே நடக்கவில்லை. அதற்கடுத்த கொடையில் ஓலைப்பெட்டியோடு போய் நின்றாள். மைக்கைப் பிடித்திருந்தது தங்கப்பாண்டியின் கூடப்பிறந்த தம்பி மகாராஜா. அண்ணன் பேர் வரவேண்டிய இடத்தில் அவன் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த பேருக்குப் போனான். செல்வி கடைசிப் பேர் வரைக்கும் வெறும் பெட்டியோடு நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அவளே வெறுத்தாள்.

"மைனி, ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டுல வராதுல்லா" என்றான் மகாராஜா பிறகு. "பங்க வீட்டுக்கே குடுத்து விடுதேன். உங்களுக்கு என்ன குறை?"

சொன்னபடியே ஒரு தூக்குவாளியில் பங்கு வந்தது. வந்த வாளியை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள்.

ஊர்க்கூட்டத்துக்கும் போய்க் கேட்டாள். என் பேரைக் கூப்பிடுங்கள் என்று. ஊர்த்தலைவர் சொரிமுத்து, அவளுக்கு மாமன் முறை, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஏளா, இந்த ஊருல பொம்பளைக்குக் குத்தம்கூட அவ பேருல வச்சது கெடையாது, பங்கு கேக்க வந்துட்டா" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னது உண்மைதான். போன வருஷம் முப்பிடாதி கோயில் கிணற்றடியில் சண்டை போட்டதற்கு அவள் புருஷன் பேரில்தான் குத்தம் வைத்தார்கள். குத்தம் என்றால் அந்த ஆள் அம்மன் முன்னால் பொங்கல் வைக்கவேண்டும், அவன் பேரை மைக்கில் மூன்று தடவை கூப்பிடுவார்கள். முப்பிடாதி வாயாடியதற்கு அந்த அப்பாவி மனுஷன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கல் வைத்தான். இந்த ஊரில் ஒரு பெண் குற்றவாளியாகக்கூட முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஜெயபிரியா போன் செய்தாள். "எம்மா, டிக்கெட் கிடைச்சிட்டு. மெக்சிகோவும் போலந்தும். உனக்கும் எனக்கும். வாரியா?"

செல்வி கையிலிருந்த இலை அரிவாளைக் கீழே வைத்தாள். உலகக் கோப்பை என்று ஒன்று டெலிவிஷனில் வர ஆரம்பித்த நாளிலிருந்து, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தவள் அவள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் தொண்டையை அடக்கிக்கொண்ட ஒரே மனுஷி. "வாரேன்" என்றாள். எந்தத் தேதி என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

கார்த்திகை முதல் செவ்வாய். கொடை நாள்.

கொடைக்கு எட்டு நாள் முன்னால் கால் நாட்டிக் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிறவரைக்கும் ஊரார் யாரும் எல்லை தாண்டி வெளியே இராத் தங்கக்கூடாது. தூத்துக்குடியில் வேலை பார்க்கிறவர்கள்கூடப் பொழுதுசாய ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். செல்வி கிளம்பப் போகிறாள் என்று தெரிந்ததும் சொரிமுத்தும் மகாராஜாவும் வீட்டுக்கே வந்தார்கள். அவள் பெட்டிக்குள் கருப்பட்டியையும் மிக்சரையும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா செல்வி, காப்புக் கட்டியாச்சு. தெரியும்லா?"

"தெரியும் மாமா. மைக்குல சொன்னியள."

"பிறகு என்னத்துக்குப் பெட்டி கட்டுத?"

செல்வி நிமிர்ந்தாள். "காப்பு யாருக்கு மாமா?"

"ஊருல உள்ள தலைக்கட்டு அம்புட்டுக்கும்."

"நாந்தான் தலைக்கட்டு இல்லியே. இந்தா நிக்கானே உங்க மைக்குக்காரன், இவன்தான சொன்னான். இந்த வீடு கணக்குலயே இல்லைன்னு. இல்லாத வீட்டுக்காரி எங்கன போனா உங்களுக்கு என்ன?"

மகாராஜா வாயைத் திறந்தான். "மைனி, அதுக்காவ..."

"எதுக்காவ? சோறு போடையில ஆளு இல்ல, கட்டிப் போடையில மட்டும் ஆளு இருக்கோ?"

சொரிமுத்து வெற்றிலையைத் துப்ப இடம் தேடி வெளியே போனார். போனவர் திரும்பி வரவில்லை. செல்வி ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. மறுநாள் காலையில் தோட்டத்துக்கே வந்தார், தனியாக, குரலில் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு.

"ஆத்தா, நீ சொன்னதை யோசிச்சேன். நியாயம்தான். இந்தக் கொடையில உம் பேரையும் கூப்பிட்டுருதோம். தலைக்கட்டுன்னே கூப்பிடுதோம். நீ இருந்து, உன் கையால பங்கை வாங்கு. என்ன?"

மறைக்க என்ன இருக்கிறது, செல்விக்கு அது வேண்டும். வெறும் பெட்டியோடு நின்ற அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் கேட்டது அதைத்தான். கத்தார் ஆட்டம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துபோகும். ஊரில் பேர் என்றால் சாகிறவரைக்கும் உள்ளது. இலை அறுக்கிற கை தன்போக்கில் அறுத்துக்கொண்டிருந்தது, நல்ல தலைவாழை இலையையெல்லாம் நடுவில் கிழித்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி அப்பால் நின்று, ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"இந்தக் கொடைக்கு மட்டுமா மாமா? இல்ல, இனிமே எல்லாக் கொடைக்குமா?"

சொரிமுத்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வாழைக்குலையைத் தட்டிப் பார்த்தார்.

"அதப் பிறகு பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான். அந்த மனுஷன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் செல்வி ஒருவேளை ஊரிலேயே நின்றிருப்பாள். "திருச்சிக்கு ஒருக்கா இதச் சொல்லிட்டாவ மாமா" என்றாள். அவருக்குத் திருச்சி எங்கே வந்தது என்று புரியவில்லை. "நான் போறேன். நீங்க பிறகே பாத்துக்கிடுங்க."

"போனா ஊரு குத்தம் வைக்கும்ளா!"

"வைக்கட்டும்" என்றாள். அப்போது அதை அவள் வெறும் கோபத்தில்தான் சொன்னாள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி தோஹாவில் இறங்கினாள். கட்டியிருந்தது சுங்குடிச் சேலை, காலில் மகள் வாங்கி அனுப்பிய கேன்வாஸ் ஷூ. ஆட்டத்தன்றைக்கு மைதானத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர், படிக்கட்டு எல்லாமே கப்பலில் ஏற்றுகிற கண்டெய்னர் பெட்டிகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணவண்ணமாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருந்தது.

"எட்டி ஜெயா, இது நம்ம ஹார்பர் ரோட்டு டப்பால்லா! இந்தச் சனியனுவ குறுக்க நின்னு எத்தனை நாளு நம்ம இலை வாடிருக்கு!" என்று அவள் கத்தியதில், முன்னால் போன பெரிய தொப்பி வைத்த மெக்சிகோக்காரர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். செல்வியும் கையசைத்தாள். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் தூத்துக்குடிப் பெட்டிக்குள்ளேயேதான் உட்காரவேண்டியிருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆட்டம் தொடங்கியது. பந்து எங்கே போனாலும் செல்வியின் கண் கோல்கீப்பர்களிடமே இருந்தது. அவர்கள் நிற்கிற நிலை, ஒரு அடி முன்னால் வைத்துப் பின்னால் வாங்குவது, ஆட்களைப் பார்த்துக் கத்துவது. ஊரில் டெலிவிஷனில் அந்தக் கத்தல் கேட்காது. இங்கேயும் கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லைதான், ஆனால் அந்த வாய் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் போலந்துக்கு ஒரு பெனால்டி. மெக்சிகோக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த ஒருவர் பார்க்க மாட்டாமல் திரும்பியே நின்றுகொண்டார்.

"விழாது" என்றாள் செல்வி.

"எப்படிம்மா சொல்லுத?"

"அவன் நிக்கதப் பாரு. அவன் பயப்படல."

பந்து வந்தது. கோல்கீப்பர் ஒருக்களித்துப் பாய்ந்து தட்டிவிட்டார். செல்வி எழுந்து நின்று கத்தினாள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆற்றங்கரைக்கும் மாமியாருக்கும் மார்க்கெட்டுக்கும் பங்குபோட்டுக் கொடுத்த தொண்டை, அத்தனையும் ஒன்றாகத் திரண்டு, "கீப்பர்" என்று வந்தது. தொப்பிக்காரர்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இந்த அழுகையை அவள் வெறுக்கவில்லை.

ஜெயபிரியா அதைப் போனில் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அப்போது ஊரில் கொடை நடந்துகொண்டிருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் ஒவ்வொரு போனாக வெளிச்சம் வந்ததாம், குடம் அடிக்கிறவர்கூட ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு தாளம் தப்பினாராம். சொரிமுத்துவுக்கு அவமானம் தாங்கவில்லை. பேர் கூப்பிடும்போது அண்ணன் பேர் வரவேண்டிய இடத்தில் மகாராஜாவுக்கு இருமல்கூட வரவில்லை, நேரே அடுத்த பேருக்குப் போனான்.

செல்வி ஊருக்குத் திரும்பிய மறுநாள் எட்டாங்கொடை. கொடை கழிந்த எட்டாம் நாள் பூசைக்கு ஊரே கூடும், குத்தம் பேசித் தீர்ப்பதும் அன்றைக்குத்தான். அவளை வரச்சொல்லி ஆள் வந்தது. போனாள், அதே கேன்வாஸ் ஷூவில் போய், கோயில் வாசலில் மட்டும் கழற்றி வைத்தாள்.

"ஆட்டத்துல ஒரு கோல்கூட விழலியாமே" என்று ஒருவர் ஆரம்பித்தார். "இதப் பாக்கவா காப்பை மீறிப் போன?"

"விழ விடாமப் பாத்துக்கிட்டான்லா ஒருத்தன், அவனைப் பாக்கப் போனேன்."

பின்னால் பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சொரிமுத்துவின் முகம் சிவந்தது. "குத்தம் வைக்கணும். காப்பு மீறுனா குத்தம். எட்டாங்கொடையிலேயே பொங்கல் வைக்கணும். ஏலே மகாராஜா, பேரைக் கூப்பிடு."

மகாராஜா மைக்கை எடுத்தான். "யாரு பேரை?"

"தங்கப்பாண்டி வீட்டுக் குத்தம். தங்கப்பாண்டி பேரைக் கூப்பிடு."

பூசாரி பதறிப்போனார். "செத்த மனுசன் பேருல குத்தம் வைக்கதா? சாமிக்கு ஆவாது."

"அப்பம் தம்பி நீ இருக்கியல்லா. உன் பேருல வையி" என்றது ஒரு குரல்.

"நானா? நான் எதுக்குவே பொங்கல் வைக்கணும்? கத்தாருக்கு நானா போனேன்?" மகாராஜா மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்ததால் இது ஊர் முழுக்கக் கேட்டது.

மருமகன் பேரில் வைக்கலாம் என்றார்கள். மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மச்சான் முறையில் யாராவது என்றார்கள். அந்த முறையில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு மெல்ல விளங்கியது. இவர்கள் தன்னைத் தண்டிக்க வேண்டுமானால் முதலில் தன்னை எண்ணியாகவேண்டும். இதைச் சொரிமுத்து இன்னும் யோசிக்கவில்லை, கோபம் அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. செல்வி வாயைத் திறக்காமல் நின்றாள். பெனால்டிக்கு நிற்கிறவள் முதலில் அசைந்துவிடக்கூடாது.

"எவன் பேரும் வேண்டாம்லே!" என்று கத்தினார் சொரிமுத்து. "போனது அவ. குத்தம் அவளுக்கு. அவ பேருலேயே வையி!"

சபையில் சொன்ன சொல். அம்மன் நடை திறந்திருந்தது. பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்தாயிற்று. என்ன சொல்லிவிட்டோம் என்று சொரிமுத்துவுக்கு உறைத்தபோது, கூட்டத்தில் பாதிப்பேருக்கும் உறைத்திருந்தது. முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தயாரானாள்.

"முறைப்படி கூப்பிடுங்க தம்பி" என்றாள் செல்வி. "தலைக்கட்டுக்கு எப்படிக் கூப்பிடுவியளோ, அப்படி. மூணு தடவை."

மகாராஜா தலைவரைப் பார்த்தான். தலைவர் அம்மனைப் பார்த்தார். வேறு வழியில்லை. தொண்டையைச் செருமினான். இந்தத் தடவை அது வெறும் செருமல்தான், பேரை விழுங்குகிற இருமல் இல்லை.

"தலைக்கட்டு... சுடலைச்செல்வி."

பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் கிளம்பி அடங்கியது.

"தலைக்கட்டு சுடலைச்செல்வி."

அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முப்பிடாதி பொங்கல் பானையையும், யாரும் சொல்லாமலே கொண்டுவந்திருந்த அந்தப் பழைய ஓலைப்பெட்டியையும் அவள் கையில் கொடுத்தாள்.

"தலைக்கட்டு சுடலைச்செல்வி!"

பந்து உயரே வரும்போது முன்னால் பாய்கிறவளைப் போல அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றிருந்த ஆண்கள் தம்மையறியாமல் விலகி வழிவிட்டார்கள்.

"இருக்கேன்!" என்றாள். அதற்கு மைக் தேவைப்படவில்லை.